வார்னிஷுக்கு அடியில் ஒரு கசகசா

ஓஸ்டர்ஹூக் தீவு
மார்ச் 3

அக்காவுக்கு,

மரப்பெட்டியைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதம்தான் உன் கையில் படும். இரண்டாம் எண் சிலிண்டரின் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஐந்து வருஷமாகப் பேசாதவன் திடீரென்று ஹலோ சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோபமும் இன்னும் முழுதாகப் போகவில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

உள்ளே இருப்பவை எங்கள் தீயணைப்புப் படை புகைக்குள் மூச்சுவிட முதுகில் மாட்டும் ஆறு காற்று சிலிண்டர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சோதனை போட வேண்டும் என்பது சட்டம். சோதனை உன் தொழில் என்றாலும் வேறு இடத்துக்கு அனுப்பத்தான் பார்த்தேன். எங்கள் தலைவர் ஹாபோ விடவில்லை. "உங்க அக்கா மாதிரி பாக்குறவங்க இந்தக் கரையிலேயே கெடையாதுடா. சண்டை உன் சொந்த விஷயம், சிலிண்டர் ஊர் விஷயம்" என்று சொல்லிவிட்டார்.

போன தடவை எட்டு அனுப்பினேன். ஆறு நல்லபடியாகத் திரும்பி வந்தன. மற்ற இரண்டும், இனி யாரும் காற்று அடைக்க முடியாதபடி, வயிற்றில் ஓட்டையோடு வந்தன. பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதி அனுப்பினாய். அந்தக் குளிர்காலத்தில் படகுக் கொட்டகை எரிந்தபோது ஆறு சிலிண்டரும் காலியாகும்வரை உள்ளே போய் வந்தோம். இன்னும் இரண்டு இருந்திருந்தால் இன்னொரு நடை போயிருப்போம். அப்பாவின் படகு வாசலிலிருந்து பத்தடியில் நின்றது. நாங்கள் வெளியே நின்று தண்ணீர் அடித்துக்கொண்டே அது எரிவதைப் பார்த்தோம்.

மனுஷன் அறுபத்தேழு வயது வரைக்கும் உழைக்கலாம், ஒரு சிலிண்டர் மட்டும் பதினைந்தில் செத்துப்போக வேண்டுமா? இரும்பு என்றால் துருப்பிடிக்கும், புரிகிறது. இது மெல்லிய அலுமினியக் கூட்டின் மேல் கார்பன் நூலைச் சுற்றிப் பிசின் பூசியது. என்னத்துக்குக் கெடும்? உண்மையிலேயே கேட்கிறேன். அந்த இரண்டும் நிஜமாகவே கெட்டிருந்தனவா?

இந்த ஆறுக்கும் ஒன்பது வயதுதான். இன்னும் ஆறு வருஷம் பாக்கி. பார்த்தால் உனக்கே ஆசை வரும், கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. எண் இரண்டு மட்டும் கீறல் விழுந்து அசிங்கமாக இருக்கும். அது நான் முதுகில் மாட்டுவது. இருப்பதிலேயே அழகானது எண் நான்கு, அது எப்போதும் ஹில்காவுக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் பெண்டாட்டிக்கு வேறு என்ன கொடுக்க முடியும்!

ஒரு விஷயம். பக்கத்துத் தீவுக்காரர்கள் நான்கு சிலிண்டரை இரவல் தந்திருக்கிறார்கள். ஈஸ்டர் கொண்டாட்டத்துக்கு நம்மைப் போலவே அவர்களும் பெரிய நெருப்பு மூட்டுவார்கள், அதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். புகைக்குள் இரண்டு பேர் போனால் அவர்களைக் காப்பாற்ற வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். நான்கு சிலிண்டர் இல்லையென்றால் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. முதியோர் இல்லத்தில் மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். கரையிலிருந்து வண்டி வர வேண்டுமென்றால் படகு மிதக்கும் அளவுக்குக் கடல் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்த முறை துளை போடும் மெஷினை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசி.

ஃபோக்கோ


ஓல்டன்பர்க்
மார்ச் 11

ஃபோக்கோ,

கடிதம் படித்தேன். குறுக்கே பேச முடியாமல் மூன்று தடவை எழுந்து நடந்தேன் என்பதைத் தெரிந்துகொள்.

பழைய இரண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் இருக்கிறது, இந்தக் கடிதத்தில் சொல்ல மாட்டேன். முதலில் இப்போது என் மேஜையில் இருப்பதைப் பேசுவோம்.

ஏன் பதினைந்து என்று கேட்டாய். சிலிண்டரில் ஆயிரக்கணக்கான நூல்கள் இருக்கின்றன. நீ முந்நூறு பார் அழுத்தத்துக்குக் காற்று அடைக்கும்போதெல்லாம் அத்தனை நூலும் இழுபடுகிறது. எப்போதாவது ஒரு நூல் அறும். பக்கத்திலிருக்கும் பிசின் அதன் சுமையை வாங்கி அடுத்த நூல்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. எத்தனை அறுந்தால் ஆபத்து என்று யாராலும் சிலிண்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் செய்தவர்களே ஒரு வருஷத்தைக் குறித்து, இதற்கு மேல் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பதினைந்து என்பது சிலிண்டர் சாகும் வயது இல்லை தம்பி. நமக்குத் தெரிந்தது அதோடு முடிகிறது, அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. அதனால் சட்டம் கேட்கும் சோதனையோடு நான் இன்னொன்றும் செய்கிறேன். சிலிண்டருக்குள் தண்ணீரை அடைத்து அழுத்தத்தை ஏற்றும்போது அதன் மேல் ஒரு நுண்ணிய மைக்கை ஒட்டிவைத்துக் கேட்கிறேன். நூல் அறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நல்ல சிலிண்டருக்கு விசித்திரமான ஒரு குணம் உண்டு. இதற்கு முன் எந்த அழுத்தம்வரை தாங்கியதோ அதுவரை மூச்சுவிடாமல் இருக்கும். அதைத் தாண்டினால்தான் வாய் திறக்கும். உன்னுடையவை போன சோதனையில் நானூற்றைம்பது வரை போனவை. அதுவரை அமைதியாக இருக்க வேண்டும்.

எண் இரண்டும் ஆறும் அப்படித்தான் இருந்தன. கீறல் விழுந்த உன் இரண்டு, சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து ஆகிய நான்கும் இருநூறைத் தொடுவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டன. நான்காம் எண் சோளப்பொரி சட்டி போலப் பொரிந்தது. பயந்துபோய்த் தண்ணீரை வடித்துவிட்டேன். இந்த வேலையில் இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. ஏதோ ஒரு சிலிண்டர் கீழே விழுந்திருக்கும் என்றால் புரியும். நான்கும் ஒரே மாதிரி, அதுவும் பளபளப்பானவை மட்டும், எப்படி?

இன்னும் நான் தீர்ப்பு எழுதவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எழுத மனம் வரவில்லை. கீழே போட்டீர்களா? நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தீர்களா? ரசாயனம் ஏதாவது கொட்டியதா? அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? நான் போன முறை அனுப்பியபோது அவை மங்கலாகத்தான் இருந்தன.

கேஷே

பி.கு. ஹில்காவுக்கு அழகானதைக் கொடுக்கிறாயாக்கும். கல்யாண நாளன்று பூ வாங்கிக் கொடுத்ததுண்டா?


ஓஸ்டர்ஹூக்
மார்ச் 15

அக்கா,

சோளப்பொரியாம், சாமியாராம். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் காதில் ஆயிரம் சத்தம் கேட்கத்தான் செய்யும். உன் கடிதத்தைப் படித்ததும் மேஜையில் ஓங்கி அடித்தேன், டீக்கோப்பை கவிழ்ந்தது. ஹில்கா தன் பேக்கரியிலிருந்து வந்து துடைத்துவிட்டுப் போனாள்.

இருந்தாலும் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

ஒன்றையும் கீழே போடவில்லை. ரசாயனமும் இல்லை. நெருப்பு என்றால் டிசம்பரில் ஒரே ஒரு தடவை, கலங்கரை விளக்குப் பக்கத்து விருந்தினர் விடுதி. ஹில்காவும் நானும் உள்ளே போனோம். இரண்டாம் மாடியில் ஒரு அம்மா குளியலறையில் ஒளிந்துகொண்டிருந்தார். ஹில்காதான் கண்டுபிடித்தாள், தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நான் பின்னால் வரும்போது படிக்கட்டுக் கம்பியில் சிலிண்டரை இழுத்துக்கொண்டேன், எண் இரண்டின் கீறல் அப்போது வந்ததுதான். முகத்தில் சூடு பட்டது உண்மை. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரம் உள்ளே இருந்தோம். கெட்டால் இரண்டுமல்லவா கெட வேண்டும்? ஒன்று, மூன்று, ஐந்து அன்றைக்கு வண்டியை விட்டே இறங்கவில்லை. அவையும் உன்னிடம் பேசுகின்றன என்றால் உன் மைக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பளபளப்பு போன கோடையில் வந்தது. படையின் ஆண்டு விழா ஊர்வலத்துக்காக ஹாபோ வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கிறார். நான் அந்த வாரம் பல் பிடுங்கக் கரைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் ஜொலிக்கிறது! சந்தோஷமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் ஆறும் அவசரத்துக்கு வண்டியில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம், அவற்றுக்கு அடிக்கவில்லை.

இதை எழுதும்போதே கை நிற்கிறது. அடிக்காத இரண்டும்தான் உன்னிடம் பேசாமல் இருப்பவை.

ஹாபோவிடம் போய்க் கேட்டேன். மனுஷன் மீசை துடிக்க எழுந்தார்.

"வார்னிஷ்ல என்னடா இருக்கு? படகுக்கு அடிக்கிற வார்னிஷ்தான். உப்புத் தண்ணில இருபது வருஷம் நிக்குது. உங்க அக்காவுக்குத் தெரியுமா அதெல்லாம்?"

"சரி தலைவரே, அடிச்சீங்க. அந்த வாரம் முழுக்க மூடுபனின்னு சொன்னாங்க. மறுநாள் ஊர்வலம். எப்படிக் காஞ்சுச்சு?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "காஞ்சுச்சு" என்றார். அவ்வளவுதான். படையில் மற்ற ஆட்களிடம் கேட்டால் எல்லோரும் டீக்கோப்பைக்குள் எதையோ தொலைத்துவிட்டது போலக் குனிந்துகொள்கிறார்கள். இந்தத் தீவில் ஒரு ரகசியம் மூன்று நாள் தங்காது. இது எட்டு மாதம் தங்கியிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாமல் ஏன்?

வார்னிஷ் மட்டுமே நூலைக் கெடுக்குமா? பதில் எழுது. கோபமாகத்தான் கேட்கிறேன், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபோக்கோ


ஓல்டன்பர்க்
மார்ச் 22

தம்பிக்கு,

படகு வார்னிஷ் மட்டும் இந்த அளவுக்குக் கெடுக்காது. அடிக்கவே கூடாது என்று ஒவ்வொரு சிலிண்டரோடும் வரும் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, மேல்பூச்சு காயத்தை மூடிவிடும் என்பதால். மூச்சுக்கருவிகளுக்குப் பொறுப்பாளன் நீ. அதைப் படித்திருக்க வேண்டும். இதற்கு மேல் திட்டவில்லை.

மைக்கைச் சந்தேகப்பட்டாய், சரி. மைக்கை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். இரண்டாம் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் மாறிமாறி ஒட்டினேன். பேசியது பேசிக்கொண்டே இருந்தது.

பிறகு நான்காம் எண்ணின் வார்னிஷை ஒரு மூலையில் மெதுவாகச் சுரண்டினேன். அடியில் பிசின் பழுப்பேறியிருக்கிறது. புதிதில் அது தெளிந்த தேன் நிறம். உன்னுடையது ரொட்டித் தோல் நிறத்துக்குப் போய்விட்டது. வெயிலில் நிறம் மாறினால் வெயில் பட்ட பக்கம் மட்டும் மாறும். விடுதித் தீயில் மாறியிருந்தால் கருகிய திட்டுகள் இருக்கும். இது சுற்றிலும் ஒரே சீராக, அடிவரை மாறியிருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக, நிதானமாகச் சூடேறியிருக்கிறது.

அடுத்து எழுதப் போவதை நின்று யோசித்து எழுதுகிறேன். கழுத்துக்குக் கீழே வார்னிஷுக்கு உள்ளே ஏதோ ஒரு புள்ளி புதைந்திருந்தது. தூசி என்று நினைத்தேன். ஊசியால் தோண்டி எடுத்து லென்சில் பார்த்தேன். கசகசா. ஒரு முழுக் கசகசா விதை, வறுபட்டது. மூன்றாம் எண்ணில் இன்னும் இரண்டு கிடைத்தன.

ஃபோக்கோ, உங்கள் தீயணைப்பு நிலையத்துக்குக் கசகசா எப்படி வந்தது? தீவில் கசகசா பன் போடும் அடுப்பு ஒன்றுதானே இருக்கிறது. அது யாருடையது என்று நான் எழுத வேண்டியதில்லை.

யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அடுப்பு என்றால் எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எழுபது டிகிரியைத் தாண்டக் கூடாது. 'கை வைத்துப் பார்த்த சூடு' என்று எழுதாதே, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுது.

இனி பழைய இரண்டு. ஓட்டை போடுவதற்கு முன்னால் அவற்றில் ஒன்றைத் தண்ணீரால் வெடிக்கும்வரை ஏற்றிப் பார்த்தேன். நீ கேட்ட அதே கேள்வி எனக்கும் இருந்தது. எண்ணூறைத் தாண்டியும் நின்றது. நல்ல சிலிண்டர். இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வெடித்ததை உனக்கு அனுப்ப முடியாது, அதனால் வேறொரு பழையதில் துளை போட்டு எண்ணிக்கைக்கு அனுப்பினேன், உனக்குத் தெரியவில்லை. மற்றொன்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஒன்று தாங்கியது என்பதால் பக்கத்தில் இருந்ததும் தாங்கும் என்று என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. இன்றைக்குக் கொண்டுவந்தாலும் போட மாட்டேன்.

அப்பாவின் படகு எனக்கும் அப்பாவின் படகுதான்.

கேஷே


ஓஸ்டர்ஹூக்
மார்ச் 28

அக்கா,

நல்ல சிலிண்டர் என்று தெரிந்தும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் நான் கடிதத்தைச் சுருட்டி எறிந்திருக்க வேண்டும். ஆனால் கடிதத்தில் அதற்கு முன்னாலேயே கசகசா வந்துவிட்டது. அதற்குப் பிறகு படகுக்காகக் கோபப்பட நேரமில்லை.

உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். ஹில்கா அதிகாலையில் அடுப்பு மூட்டுகிறாள், நான் பின்னால் நின்று பார்க்கிறேன். கசகசாவைத் தூவுகிறாள், பார்க்கிறேன். "என்னடா, பேய் மாதிரி நிக்கிற? மாவு தூக்கு" என்றாள். மாவு தூக்கினேன். மூன்றாம் நாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது அவளே எடுத்துப் படித்துவிட்டாள்.

கடைக்கு வெளியே வந்து, வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கும்போதே சொன்னாள்.

"ஆமா, நாந்தான் வச்சேன்."

"எதுக்கு ஹில்கா?"

"ஹாபோ வந்து நின்னாரு. நாளைக்கு ஊர்வலம், வார்னிஷ் கையில ஒட்டுது, பனி விடலன்னாரு. ரொட்டி எடுத்தப்புறம் அடுப்பு சும்மாதானே கெடக்குன்னு காத்தெல்லாம் எறக்கி, வால்வைக் கழட்டி, தட்டுல வச்சு உள்ள தள்ளுனேன். ஒரு மணி நேரத்துல ஜம்முனு காஞ்சிருச்சு. நீ கரையிலேர்ந்து வந்து பாத்துட்டுக் கொழந்த மாதிரி சிரிச்ச. அப்புறம் எப்படிச் சொல்றது? அடுப்புல காஞ்சதுன்னு தெரிஞ்சா அந்தச் சிரிப்பு போயிடும்னுதான், உன்கிட்ட சொல்லாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்."

ரகசியம் எட்டு மாதம் தங்கிய கதை இதுதான். என்னை ஏமாற்றுவதற்காக ஒருத்தரும் மறைக்கவில்லை, என் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று மொத்தத் தீவும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

"எவ்வளவு சூடு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பன் வேகுற சூடு இல்ல. பிஸ்கட் காயுற சூடு."

தெர்மாமீட்டர் வேண்டும் என்று நீ எழுதியதைக் காட்டினேன். மறுநாள் அவளே அன்றைக்குச் செய்த மாதிரி எல்லாம் செய்தாள். அதே அளவு ரொட்டி, அதே நேரம் கதவைத் திறந்து வைத்தது, பிறகு மூடியது. சிலிண்டருக்குப் பதில் நான்கு பால் கேனை வைத்தாள். நான் தெர்மாமீட்டரை விட்டேன். நூற்றைம்பதைத் தாண்டி நின்றது. இரண்டு பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் இன்னொரு தெர்மாமீட்டரைக் கொண்டுவரச் சொன்னாள். அதுவும் அதையேதான் காட்டியது.

எனக்கு ஒன்று புரியவில்லை. அதன் பிறகு நூறு தடவையாவது முந்நூறு பார் அடைத்திருக்கிறேன், என் கையால். பயிற்சிக்குப் போட்டோம். விடுதிக்குள் போனோம். ஒன்றும் ஆகவில்லையே? அப்படியென்றால் தாங்குகிறது என்றுதானே அர்த்தம்? வார்னிஷைச் சுரண்டிவிட்டு அனுப்பேன். ஈஸ்டர் வந்துகொண்டிருக்கிறது. நேற்று முதியோர் இல்லத்தில் அலாரம் அடித்தது. யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ஓடும்போது முதுகிலிருந்தது இரவல் சிலிண்டர். அது போய்விட்டால் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

ஒன்றும் ஆகவில்லை என்றே நீ சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஹில்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஃபோக்கோ


ஓல்டன்பர்க்
ஏப்ரல் 3

ஃபோக்கோவுக்கும் ஹில்காவுக்கும்,

இருவரும் சேர்ந்து படியுங்கள்.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததற்கு நன்றி, ஹில்கா. பால் கேன் வைத்தது எனக்குத் தோன்றியிருக்காது.

அந்தச் சூட்டில் பிசின் தளர்ந்திருக்கும். தளர்ந்து, ஆறியபோது முன்பிருந்தபடி ஒட்டிக்கொள்ளவில்லை. அலுமினியக் கூடும் தன் பங்குக்கு உறுதியை இழந்திருக்கும். ஒரு நூல் அறுந்தால் அதன் சுமையைப் பங்குபோட்டுக் கொடுக்க இப்போது ஆள் இல்லை. நூறு தடவை தாங்கியதே என்கிறாய். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அறுந்திருக்கிறது, அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் எத்தனை தடவை தாங்கும்? தெரியாது. நூற்றொன்றோ, ஆயிரமோ.

இது என் ஊகம். நான் ஊகம் செய்து ஏற்கெனவே ஒரு தம்பியை ஐந்து வருஷம் இழந்திருக்கிறேன். இந்த முறை எல்லோருக்கும் தெரியட்டும். நான்காம் எண்ணை வெடிக்கும்வரை தண்ணீர் ஏற்றிப் பார்க்க அனுமதி கொடுங்கள். அதற்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். நல்ல சிலிண்டர் அறுநூறுக்கு மேல் நிற்க வேண்டும், உன் பழையது எண்ணூறைத் தாண்டியது. இது அறுநூறைத் தொட்டால் என் தீர்ப்பு தவறு என்று நானே எழுதித் தருகிறேன். மற்ற மூன்றையும் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சோதித்துக்கொள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இரண்டு பேரும் வாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், தண்ணீர் என்பதால் பெரிதாகச் சிதறாது. காற்றாக இருந்திருந்தால் கண்ணாடி போதாது.

அடுத்த வியாழக்கிழமை காலைப் படகில் வந்தால் மாலையில் கடல் வடிவதற்குள் திரும்பிவிடலாம். டீ போட்டு வைக்கிறேன். கற்கண்டு தீவிலிருந்து கொண்டுவாருங்கள், இங்கே கிடைப்பது சூடான டீயில் விழும்போது நம் ஊர்க் கற்கண்டு மாதிரி 'டக்' என்று வெடிப்பதே இல்லை.

கேஷே


ஓஸ்டர்ஹூக்
ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

போன் செய்யலாம்தான். கடிதத்தில் ஆரம்பித்ததைக் கடிதத்திலேயே முடிக்கிறேன்.

அன்றைக்கு உன் சோதனை அறையில் பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. முள் முந்நூறைத் தாண்டியபோது ஹில்கா என் கையைப் பிடித்தாள். முந்நூற்றைம்பது தாண்டியது. நானூறைத் தொடப்போகிறது என்று நினைத்தேன், அதற்குள் அந்தச் சத்தம். கண்ணாடிக்குள் எல்லாம் ஈரம். நூலெல்லாம் பிரிந்து துடைப்பம் மாதிரி கிடந்தது. நானூறுகூட இல்லை அக்கா. வெயில் நாளில் அடைத்த சிலிண்டரை வண்டியில் வைத்தாலே முந்நூற்றுமுப்பது வரும். டிசம்பரில் அதைத்தான் அவள் முதுகில் மாட்டிக்கொண்டு நெருப்புக்குள் போனாள்.

மற்ற மூன்றிலும் துளை போடும் வேலையை நானே செய்கிறேன் என்று கேட்டது உனக்கு வினோதமாக இருந்திருக்கும். முதல் ஓட்டைக்கு மெஷின் வழுக்கி வழுக்கிப் போனது, உள்ளே போக மறுத்தது. இத்தனை பலமுள்ள ஒன்றா கெட்டுப்போனது என்று அப்போதும் ஒரு நிமிஷம் தோன்றியது. உனக்கு ஒவ்வொரு தடவையும் அப்படித் தோன்றுமா?

திரும்பும் படகில் ஹில்கா மேல்தளத்திலேயே நின்றாள். கரை மறைந்த பிறகு கேட்டாள்.

"ஆறு சிலிண்டர் இருந்துச்சு. எப்பவும் நாலாம் நம்பரையே எதுக்கு எனக்குக் கொடுத்த?"

"அதுதான் அழகா இருந்துச்சு."

சிரித்தாள். பிறகு அழுதாள். "நான் வேக வச்சதை எனக்கே கொண்டுவந்து கொடுத்திருக்க பாரு" என்றாள். நானும் அழுதேன். படகில் இருந்த சுற்றுலாக்காரர்கள் கடல்நோய் என்று நினைத்து எங்களுக்கு எலுமிச்சைத் துண்டு கொடுத்தார்கள்.

ஹாபோ படையைக் கூட்டினார். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், தப்புச் செய்தவர் படைக்கு ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். ஹாபோ எழுந்து, "வார்னிஷ் என்னுது. ஒரு பெட்டி" என்றார். ஹில்கா, "அடுப்பு என்னுது. ஒரு பெட்டி" என்றாள். நான், "புத்தகம் படிக்காதது நான். ஒரு பெட்டி" என்றேன். மூன்று பெட்டியும் நடுவில் இருந்தது. ஒருவரும் திறக்கவில்லை. துடைப்பம் மாதிரி ஆன சிலிண்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தோம், எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முதியோர் இல்லத்துச் சமையல்காரர் எழுந்து, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். எல்லோரும் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

நீ இரவலாக அனுப்பிய நான்கு சிலிண்டரும் ஈஸ்டருக்கு முந்திய நாள் வந்து சேர்ந்தன. பக்கத்துத் தீவுக்காரர்களுக்கு அவர்களுடையது போய்ச் சேர்ந்தது. உன்னுடையவை மங்கலாக, லேபிள் கிழிந்து, ஆயுள் இன்னும் இரண்டே வருஷம் என்று உன் கையெழுத்தோடு இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் பிச்சைக்காரப் பொருள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். இப்போது அந்தத் தேதியை நானே பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். புதியவை இலையுதிர் காலத்தில் வருமாம். துடைக்கும் துணியைத் தவிர வேறு எதையாவது யாராவது அவற்றின் மேல் வைத்தால் கையை உடைப்பேன் என்று ஹாபோவே சொல்லியிருக்கிறார்.

படகு விஷயம். நீ ஓட்டை போட்டது சரி என்று எழுத ஐந்து வருஷமாகக் கை வரவில்லை. இப்போதும் எளிதாக வரவில்லை. ஆனால் எழுதிவிட்டேன், பார். நல்ல சிலிண்டருக்கும் நீ கையெழுத்துப் போடாமல் இருப்பதால்தான் கெட்டதற்கும் போட மாட்டாய் என்று நம்ப முடிகிறது. கோடைக்கு வா. உன் அறையை ஹில்கா காலி செய்துகொண்டிருக்கிறாள்.

நேற்று ஈஸ்டர் நெருப்புக் காவலுக்குக் கிளம்பினோம். அலமாரிக்குப் போனேன். எண் இரண்டு அங்கே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஹில்கா அதை ஏற்கெனவே தோளில் மாட்டி வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது என்னுது" என்றேன்.

"இனிமே அசிங்கமானது எனக்கு. அழகானதை நீ வச்சுக்க."

எண் ஆறு இருந்தது. வார்னிஷும் இல்லை, ஒரு கீறலும் இல்லை, நீ சோதித்து நல்லது என்று எழுதியதும் எனக்குத் தெரியும். ஆனாலும் காதை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொண்டேன்.

உன் தம்பி
ஃபோக்கோ